திருவொற்றியூர் – பாரிமுனை: ஏழு நிமிடம் மிச்சம் பிடித்து என்ன செய்கிறோம்?

தேரடி வாசி | ஞாயிறு, இரவு 9:20

இருபத்தாறு வருடமாகத் திருவொற்றியூர் தேரடியிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். முதலில் பஸ், இப்போது பதினைந்து வருடமாக பைக். ஏறக்குறைய 9 கிலோமீட்டர்.

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் வண்டியைக் கிளப்பும் நேரத்தையும் ஆபீஸ் வாசலில் ஸ்டாண்டு போடும் நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தேன். ஒரு வாரம் என் வழக்கப்படி: கிடைத்த சந்தில் நுழைவது, மஞ்சள் விழுந்ததும் முறுக்குவது, ஹாரனில் கட்டைவிரலை வைத்தபடியே போவது. அடுத்த வாரம் யாரையும் முந்துவதில்லை, சிக்னலில் பொறுமையாக நிற்பது. இப்படி மாற்றி மாற்றி நாலு வாரம். அவசர வாரங்களில் சராசரி 31 நிமிடம். நிதான வாரங்களில் 38. ஏழு நிமிடம் வித்தியாசம்.

அந்த ஏழு நிமிடத்தை என்ன செய்தேன் என்றும் எழுதி வைத்திருக்கிறேன். ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் நின்று போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பத்து நாளும் அதேதான்.

இதை எழுத வைத்தது வேறு ஒன்று. இரண்டாவது அவசர வாரத்தில், சுங்கச்சாவடி தாண்டி ஒரு பெரியவர் கையில் தூக்குவாளியோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். அவருக்கும் நின்றிருந்த ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்தேன். என் கண்ணாடி வாளியில் உரசியது. மூடி கழன்று உருண்டது, சாம்பார் அவர் வேட்டியில் வழிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, மூடியை எடுக்கக் குனிந்தார். அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். நிற்கவில்லை. ஆபீஸ் திறப்பது 9:30க்கு. அப்போது மணி 8:50.

என்னை யாரும் துரத்தவில்லை. அப்புறம் ஏன் ஓடினேன்? வண்டியில் உட்கார்ந்ததும் முன்னால் இருப்பவர் எல்லாம் தடையாகத் தெரிவது எப்படி? என் கேள்வி அதுதான்.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 9 கிலோமீட்டரை 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 நிமிடம் 48 விநாடி. 60இல் போனால் 9 நிமிடம். மிச்சம் ஒரு நிமிடம் 48 விநாடி. உயிரைப் பணயம் வைத்துக் கூட்டுகிற அந்தப் பத்துக்கு இவ்வளவுதான் கூலி, அதுவும் வழியில் சிக்னலே இல்லாவிட்டால்.

நம் ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

விம்கோ டு கிண்டி | ஞாயிறு, இரவு 10:05

அண்ணே, பெரியவர் விஷயம் படித்து வருத்தமாக இருந்தது. ஆனால் அதை வைத்து “சீக்கிரம் போக நினைப்பதே தப்பு” என்கிற இடத்துக்கு நீங்கள் வருவதை ஏற்க முடியாது.

பைக்கில் மெதுவாகப் போவதையும் வேகமாகப் போவதையும் மட்டும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே தேரடி மெட்ரோ இருக்கிறது. அங்கே ஏறினால் உயர் நீதிமன்றம் ஸ்டேஷன் இருபது நிமிடத்துக்குள். யார் வாளியையும் தட்டிவிட வேண்டியதில்லை.

மெட்ரோ முதலில் ஓடியது 2015 ஜூன் 29, கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு. வண்ணாரப்பேட்டைக்கு வந்தது 2019 பிப்ரவரி. அங்கிருந்து விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரி 14. நடுவில் இருந்த அந்த வருடங்களில் நான் கிண்டிக்கு பஸ்ஸில் போனேன். போக ஒன்றே முக்கால் மணி, வர இரண்டு மணி. இப்போது ஒரே ரயிலில் ஐம்பது நிமிடம். மிச்சமான நேரத்தில் ஒரு மேற்படிப்பு முடித்தேன், சம்பளம் உயர்ந்தது.

ஊரின் மற்றப் பக்கமெல்லாம் வேகமாகப் போக வழி கிடைத்த பிறகு கடைசியில் நமக்கு வந்தது. வந்ததும் வராததுமாக நாமே “வேகம் எதற்கு” என்று கேட்டால் அடுத்த திட்டமும் நமக்குக் கடைசியில்தான் வரும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி அண்ணே.

---

பழைய சிக்னல் | ஞாயிறு, இரவு 11:12

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன், இராயபுரத்துக்காரன்.

தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் முதலில் கிளம்பியது நம் இராயபுரத்திலிருந்துதான். 1856 ஜூலை 1, வாலாஜா ரோடு வரை. மாட்டு வண்டியில் நாள்கணக்கில் போன தூரம் மணிக்கணக்கில் சுருங்கியது. 1895இல் மதராஸில் மின்சார டிராம் வந்தது, 1953 ஏப்ரலில் நின்றது. என் அப்பா டிராமில் வேலைக்குப் போனவர். தம்பி இப்போது மெட்ரோவில் போகிறார்.

ஒவ்வொரு தடவை வேகம் கூடியபோதும் மக்கள் கையில் நேரம் மிஞ்சியதா என்றால் இல்லை. வீடு தள்ளிப் போனது. கும்மிடிப்பூண்டி தடத்தில் மின்சார ரயில் வந்த பிறகு மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் மனை வாங்கினவர்கள் எத்தனை பேர்! என் கூட வேலை பார்த்தவர்களே பத்துப் பேர் இருப்பார்கள். இராயபுரத்திலிருந்து அரை மணியில் நடந்து வேலைக்கு வந்தவர், பொன்னேரிக்குக் குடிபோய் ஒன்றேகால் மணி ரயிலில் வந்தார்.

செசாரே மார்கெட்டி என்று இத்தாலிய இயற்பியலாளர் ஒருவர் 1994இல் இதைப் பற்றி எழுதினார். நடக்கிற காலமானாலும் கார் காலமானாலும், மனிதர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குக் கொடுக்கிறார்கள். வேகம் கூடினால் தூரத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். மிச்சம் பிடித்த நேரம் மறுபடி ரோட்டுக்கே போய்விடுகிறது. அதனால் நான் தேரடி வாசி பக்கம்.

---

கேட்டுக்கு அந்தப் பக்கம் | திங்கள், காலை 5:02

தண்ணீர் பிடிக்க எழுந்தேன், குடம் நிறைகிற நேரத்தில் எழுதுகிறேன்.

தேரடி அண்ணன் மிச்சம் பிடித்த ஏழு நிமிடத்தில் டீ குடித்தார். சரி. எனக்கு ஏழு நிமிடம் கிடைத்தால் என் பெண்ணுக்கு இரட்டை ஜடை பின்னிவிடுவேன். ஐந்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இரட்டை ஜடை போட்டு ரிப்பன் மடித்துக் கட்டி வரச் சொல்கிறார்கள். நான் கிளம்புகிற நேரத்துக்கு அவள் பல் துலக்கிக்கொண்டிருப்பாள். எதிர் வீட்டுப் பாட்டிதான் பின்னிவிடுகிறார். பாட்டிக்குக் கை நடுங்கும். வகிடு கோணலாக இருக்கும். சாயங்காலம் அதைப் பிரித்து விடும்போதெல்லாம் எனக்கு மனது என்னவோ செய்யும்.

நான் வேலை பார்ப்பது கிண்டியில் ஒரு தையல் கம்பெனியில். 9:10க்கு மேல் விரல் ரேகை வைத்தால் அரை நாள் சம்பளம் கிடையாது. 9:11க்கு வைத்தாலும் அதே கதைதான், 10 மணிக்கு வைத்தாலும் அதேதான். என் வீட்டுக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. மூடினால் எப்போது திறக்கும் என்று தெரியாது. அதனால் கேட் மூடியிருக்கும் என்று நினைத்தே தினமும் முன்கூட்டிக் கிளம்புகிறேன்.

2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. அதில் போனால் எனக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் போக 40, வர 40 என்று தினம் 80 ரூபாய் மெட்ரோவுக்குக் கொடுக்கிறேன். நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறேன் என்று அர்த்தம். ஏன் வாங்குகிறாள் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்னொரு கணக்கு. ஏழு நிமிடம் போகும்போது, ஏழு வரும்போது. மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 70 மணி நேரம். ஏறக்குறைய மூன்று முழு நாள். பெரியவர் ரயில் சரித்திரம் சொன்னார், படிக்க நன்றாக இருந்தது. பொன்னேரியில் மனை வாங்கினவர்கள் யார்? அவர்கள் வீட்டில் ஐந்து மணிக்கு எழுந்து சோறு வடித்தவர்கள் யார்? அந்த ஒரு மணி நேர சராசரியில் எங்கள் நேரமும் சேர்ந்திருக்கிறதா?

குடம் நிறைந்துவிட்டது.

---

தேரடி வாசி | திங்கள், இரவு 8:48

சகோதரி, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன். “அந்தப் பொண்ணு கேட்டது சரிதானே” என்றாள்.

என் டீக்கடைக் கணக்கை எல்லாருக்கும் பொருத்தியது தப்புதான். ஆனால் ஒரு வித்தியாசத்தை மட்டும் விட மாட்டேன். உங்களுக்கு நேரம் தேவைப்படுகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது. நான் கேட்டது காரணமே இல்லாமல் வருகிற அந்த அரிப்பைப் பற்றி. தினமும் என் பக்கத்தில் முறுக்கிக்கொண்டு போகிறவர்களில் விரல் ரேகைக்கு ஓடுபவர் எத்தனை பேர்? அடுத்த சிக்னலில் என் பக்கத்திலேயே வந்து நிற்கிறார்கள். 70 மணி நேரம் மொத்தமாகக் கையில் வந்தால் அது நேரம். ஏழு ஏழாக வந்தால் என்னைப் போன்றவர் கையில் அது தண்ணீராக ஒழுகிப் போகிறது.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். உலக சுகாதார அமைப்பு சொல்கிற கணக்கு: சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர் போகிற விபத்துக்கான வாய்ப்பு நாலு சதவீதம் கூடுகிறது. நான் மிச்சம் பிடிக்கிற நிமிடத்துக்கு விலை கொடுப்பது நான் மட்டும் இல்லை. தூக்குவாளியோடு ரோட்டைக் கடப்பவரும் கொடுக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை.

---

எண்ணூர் 57 | திங்கள், இரவு 11:50

இப்போதுதான் வண்டியை நிறுத்தினேன். சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற வேலை. கம்பெனி பேர் வேண்டாம்.

தேரடி அண்ணன் சொல்கிற “காரணம் இல்லாமல் முறுக்குகிறவன்” நான்தான். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். போனில் ஒரு நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தாமதமானால் மார்க் குறையும். மார்க் குறைந்தால் அடுத்த நாள் ஆர்டர் குறையும். சம்பளத்தைப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது, வேலையே வராது. அவ்வளவுதான். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து “எங்கே வருகிறாய்” என்று கேட்கிறவர்களுக்குப் பசி இருக்கலாம், அவசரம் இருக்காது. அவர்கள் அவசரத்தை நான் சுமக்கிறேன்.

எங்கள் பக்கத்து ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன், இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் யாராவது படித்தால் உபயோகப்படும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் வரிசை நிற்கும். நாற்பது அடி பெட்டி ஏற்றின வண்டி இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் அகலமாக வெளியே போகும். அப்போது இடப்பக்கம் ஒரு பைக் போகிற அளவுக்கு இடம் இருப்பது போலத் தெரியும். பின் சக்கரம் அந்த வளைவில் வராது. உள்ளே குறுக்கே வெட்டி வரும், நீங்கள் பார்த்த இடம் இரண்டு மூச்சு விடுவதற்குள் இல்லாமல் போய்விடும். டிரைவர் இருக்கிற உயரத்திலிருந்து அந்த மூலையில் இருக்கிறவனை அவருக்குத் தெரியவும் தெரியாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என்னோடு வேலை பார்த்த பையன் அந்த இடத்தில்தான் நுழைந்தான். பிழைத்துவிட்டான். இடது கால் இல்லை. பையில் இருந்தது இரண்டு பரோட்டா பார்சல். அதைக் கேட்டு வாடிக்கையாளர் அவன் போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை எடுத்தது நான்.

அன்றிலிருந்து டிரெய்லர் பக்கத்தில் நான் நுழைவதில்லை. மாதத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் குறைகிறது.

---

விம்கோ டு கிண்டி | செவ்வாய், காலை 7:30

எண்ணூர் தம்பி, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத வரவில்லை. உன் நண்பருக்கு இப்போது எப்படி இருக்கிறது?

ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. உன் வேலையில் இருப்பது வேகம் இல்லை, நெருக்கடி. இரண்டையும் ஒரே பேரில் கூப்பிடுவதால்தான் இந்த விவாதம் இப்படிச் சுற்றுகிறது. மெட்ரோவின் வேகத்தில் ஒருவர் காலும் போகவில்லை. தண்டையார்பேட்டை வரை தரைக்கு அடியில் ஓடுகிறது, அது தாண்டித் தூண் மேல் ஓடுகிறது. வழியில் கடக்கிறவரே கிடையாது. தனிமனிதன் முறுக்குவது வேறு, ஊர் வேகமாவது வேறு.

---

பழைய சிக்னல் | செவ்வாய், காலை 9:15

தூண் மேல் வேகமாக ஓடுகிறது, சரி. தூணுக்குக் கீழே என்ன ஆனது? படி ஏற முடியாதவர், மூட்டை முடிச்சோடு வருகிறவர், 40 ரூபாய் இல்லாதவர் எல்லாம் கீழேதான் நிற்கிறார்கள். “ஊர் வேகமாகிறது” என்று தம்பி சொல்கிறபோது ஊரில் பாதி அந்த ரயிலில் இல்லை.

---

விம்கோ டு கிண்டி | செவ்வாய், காலை 9:22

லிஃப்ட் இருக்கிறது சார். ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு நேரம் இருக்கிறது, அதனால் நேரத்தின் அருமை தெரியவில்லை.

---

ஒருங்கிணைப்பாளர் | செவ்வாய், காலை 9:40

வயதையும் ஓய்வூதியத்தையும் இழுக்க வேண்டாம். பேச்சு நன்றாகப் போகிறது, விஷயத்தில் நிற்போம்.

---

விம்கோ டு கிண்டி | செவ்வாய், காலை 9:58

மன்னிக்கவும் சார். எழுதியிருக்கக் கூடாது.

---

காசிமேடு காலை | செவ்வாய், பகல் 1:30

எங்கள் அம்மா மீன் விற்கிறவர். அவரைப் பற்றி எழுதாமல் இந்த விவாதம் முடியக் கூடாது என்று நினைத்தேன்.

விடிவதற்கு ரொம்ப முன்னாடியே காசிமேட்டில் ஏலம். அம்மா சங்கரா, நெத்திலி, கிடைத்தால் கொஞ்சம் வஞ்சிரம் எடுப்பார். ஐஸை உடைத்துப் பரப்பிக் கூடையைக் கட்டியதிலிருந்து ஓட்டம்தான். விற்கிற இடம் பெரம்பூர் பக்கம் ஒரு தெரு முனை. வாங்க வருகிற பெண்கள் முதலில் மீனின் கண்ணைப் பார்ப்பார்கள். கண் தெளிவாக முட்டிக்கொண்டு நின்றால் ஒரு விலை, மங்கிவிட்டால் ஒரு விலை. அப்புறம் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பு இருக்க வேண்டும். வழியில் அரை மணி கூடினால் அந்தச் சிவப்பு பழுப்பாகிவிடும். அம்மாவுக்கு நேரம் என்றால் அந்த நிறம்தான்.

இப்போது பாருங்கள். கூடையைப் பார்த்தால் சில பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் தள்ளிப் போய் நிற்கும். தலையில் கூடையோடு ஓட முடியுமா? டிக்கெட் இல்லாத பஸ்ஸை விட்டுவிட்டுக் காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறுவார். அதில் ஆள் நிறைகிற வரை கிளம்பாது. ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நிறைந்ததும் டிரைவர் பறப்பார், நின்ற நேரத்தை ரோட்டில் ஈடுகட்டப் பார்ப்பார். பள்ளத்தில் தூக்கிப் போட்டதில் அம்மாவுக்கு இடுப்பு போனது. அந்தப் பதினைந்து நிமிடம் நிற்காமல் இருந்திருந்தால் அந்தப் பறத்தலே தேவைப்பட்டிருக்காது. நாம் ரோட்டில் பார்க்கிற வேகத்தில் பாதி, எங்கேயோ காத்துக் கிடந்த கோபம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய சிக்னல் ஐயா சொன்னதற்கும் ஒரு பதில். வேகம் வந்ததால் வீடு தள்ளிப் போகிறது என்றார்கள். என் அக்கா குடும்பம் அப்படிப் போகவில்லை. கால்வாய் ஓரத்தில் இருந்த வீட்டை இடித்துவிட்டு, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். காசிமேட்டிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். மாமா இன்றைக்கும் இங்கேதான் படகுக்கு வருகிறார். நள்ளிரவில் அங்கிருந்து எந்த வண்டி இருக்கிறது? வாரத்தில் நாலு நாள் வலை மேல் படுத்துத் தூங்குகிறார். அக்காவின் பையன் அப்பா முகத்தைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் மனிதர்கள் போகிறார்கள் ஐயா, போக வைக்கப்படுகிறார்கள். மார்கெட்டி எழுதியது வீட்டைத் தானே தேர்ந்தெடுக்கிறவர்களுக்குப் பொருந்தலாம்.

---

பழைய சிக்னல் | செவ்வாய், இரவு 7:05

தம்பி, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்களை நான் நினைக்கவே இல்லை. அதை என் கணக்கில் சேர்க்காதது பெரிய தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மகளுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கேட் ஏன் அவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று எல்லாரும் கேட்மேனைத்தான் திட்டுவார்கள். அவர் கையில் இல்லை. கேட்டும் சிக்னலும் ஒன்றோடு ஒன்று பூட்டப்பட்டவை. தடுப்புக் கம்பம் இரண்டு பக்கமும் முழுசாக இறங்கி, பூட்டி, அது உறுதியான பிறகுதான் ரயிலுக்குச் சிக்னல் விழும். அதனால் ரயில் கண்ணில் படுவதற்கு ரொம்ப முன்னாடியே மூடியாக வேண்டும்.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் ரயில் என்றால் 45 வேகன், ஏறக்குறைய 700 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்ந்தால் கேட்டைக் கடக்க மட்டும் மூன்று நிமிடம். அது போவதற்குள் எதிர்த் தடத்தில் மின்சார ரயிலுக்கு நேரம் வந்துவிட்டால் திறக்க முடியாது.

இதில் நம் ஆட்கள் செய்வதையும் சொல்ல வேண்டும். கம்பம் இறங்க ஆரம்பித்ததும் மணி அடிக்கும். அப்போதுதான் பைக்கெல்லாம் குனிந்து குனிந்து நுழைவார்கள். ஒரு குட்டி யானை லோடு வண்டி பாதியில் மாட்டிக்கொள்ளும். கம்பம் இறங்காது. இறங்காவிட்டால் பூட்டு விழாது, பூட்டு விழாவிட்டால் சிக்னல் விழாது. கூட்ஸ் ரயில் வெளியே நின்றுவிடும். அவ்வளவு பாரத்தை நிறுத்தி மறுபடி கிளப்பினால் நடக்கிற வேகத்துக்கு வரவே நேரம் பிடிக்கும். முன்னால் நுழைந்த பத்துப் பேருக்கு ஐந்து நிமிடம் மிச்சம், பின்னால் நிற்கிற இருநூறு பேருக்கு ஐந்து நிமிடம் நஷ்டம். இதை வருடக்கணக்காகக் கேபினிலிருந்து பார்த்தவன் நான். பதறாத காரியம் சிதறாது என்று அதனால்தான் நம்புகிறேன். வயதானதால் சொல்லவில்லை.

---

கேட்டுக்கு அந்தப் பக்கம் | புதன், காலை 5:10

ஐயா, நானும் குனிந்து போயிருக்கிறேன். கையில் டிபன் பை, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. பின்னால் நிற்கிற இருநூறு பேரை அப்போது நினைக்கவில்லை, 9:10ஐத்தான் நினைத்தேன். நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு குனிய மாட்டேன் என்று சொல்ல ஆசை. மாதக் கடைசியில் அரை நாள் சம்பளம் போகும் என்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஆனால் பாருங்கள், பதறாதே என்று எங்களிடம் சொல்வதைவிட அந்த இடத்தில் ஒரு பாலமோ நடந்து போக ஒரு சுரங்க வழியோ இருந்தால் பதற்றத்துக்கே வேலையில்லை. மழை வந்தால் தண்ணீர் நிற்காத சுரங்கமாக இருக்க வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்கிறேன். மழைக்குத் தண்ணீர் நிற்கிற கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

---

தேரடி வாசி | புதன், இரவு 9:30

முதல் பதிவில் 50க்கும் 60க்கும் கணக்கு போட்டேன். காசிமேடு தம்பி எழுதியதைப் படித்த பிறகு கீழேயிருந்து போட்டுப் பார்த்தேன். அதே 9 கிலோமீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் 27 நிமிடம். 30இல் போனால் 18. ஒன்பது நிமிடம் மிச்சம். அதே பத்து கிலோமீட்டர்தான் கூட்டினோம், மேலே கூட்டினால் இரண்டு நிமிடம்கூட வரவில்லை, கீழே கூட்டினால் ஒன்பது வருகிறது. நிற்கிற இடத்திலும் ஊர்கிற இடத்திலும்தான் நம் நேரமெல்லாம் போகிறது. நாங்களோ காலி ரோடு கிடைத்த இடத்தில் முறுக்குகிறோம்.

விம்கோ தம்பி, அதனால் பஸ்ஸும் கேட்டும் ஷேர் ஆட்டோவும் வேகமாக வேண்டும் என்பதில் உங்கள் பக்கம் வருகிறேன். பைக் விஷயத்தில் வர மாட்டேன். நானும் நாளைக்கு மெட்ரோவில் போகலாம் என்று இருக்கிறேன். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, பையைச் சோதிக்கிற வரிசை, இறங்கி மறுபடி நடை எல்லாம் சேர்த்துக் குறித்துச் சொல்கிறேன். ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷனுக்கு மட்டும் கணக்கு சொல்வது சரியில்லை.

சகோதரி, உங்களால் முடிந்தால் கேட் மூடுகிற நேரத்தையும் திறக்கிற நேரத்தையும் ஒரு வாரம் குறியுங்கள். மனு எழுத நான் வருகிறேன். பழைய சிக்னல் ஐயா எந்த ஆபீஸுக்கு எழுத வேண்டும் என்று சொல்வார்.

---

எண்ணூர் 57 | வியாழன், பகல் 3:15

விம்கோ அண்ணன் கேட்டதற்கு: அவன் இப்போது செயற்கைக் கால் வைத்து நடக்கப் பழகுகிறான். மொபைல் கடையில் உட்கார்ந்த வேலை கிடைத்திருக்கிறது.

மனுவில் டிரெய்லர் வரிசையையும் சேர்க்க முடியுமா? பைக்குக்குத் தனியாக ஒரு கோடு, நடுவில் தடுப்பு இருந்தால் போதும்.

---

தேரடி வாசி | வியாழன், இரவு 9:05

மெட்ரோ: வீட்டுப் படியிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை 41 நிமிடம். பைக்கைவிட அதிகம். கை நடுங்கவில்லை. எண்ணூர் தம்பி, கட்டாயம் சேர்ப்போம்.

---

கேட்டுக்கு அந்தப் பக்கம் | அடுத்த வெள்ளி, காலை 5:05

அண்ணே, குறித்து வைத்தேன். எல்லாம் காலை நேரம்.

திங்கள்: 8:09க்கு மூடி 8:21க்குத் திறந்தார்கள். ஒரு கூட்ஸ், பின்னாலேயே ஒரு மின்சார ரயில்.

செவ்வாய்: 8:12க்கு மணி அடித்தது. ஐயா சொன்ன மாதிரியே ஒரு குட்டி யானை மாட்டிக்கொண்டது, கம்பம் இறங்க நாலு நிமிடம் ஆனது. திறந்தது 8:33. விரல் வைத்தது 9:14. அரை நாள் போச்சு.

புதன்: நான் வரும்போது திறந்திருந்தது. 8:52க்கே கம்பெனிக்குப் போய்விட்டேன். பதினெட்டு நிமிடம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வியாழன்: திறந்திருந்தது. 8:53.

கேட் திறந்திருந்த இரண்டு நாளும் ஜடை பாட்டிதான் பின்னினார். மூடியிருக்கும் என்று பயந்து நான் முன்னாலேயே கிளம்பிவிட்டேன். மனுவில் இதையும் எழுதுங்கள்: மூடுகிற நாளில் மட்டும் நேரம் போகவில்லை.